கடி குறைஞ்சா சுகமா?

2022 நவம்பர் கடைசியில அக்காட மூத்தவன் விடுதியில இருந்து வீட்டை வந்தான். ஒன்பதாம் ஆண்டு படிக்கிறான், எனக்குப் பெறாமகன். பையைத் திண்ணையில போட்டிட்டு அவன் செய்த முதல் வேலை, போய்த் தூணில முதுகைத் தேய்ச்சதுதான். "எருமை மாதிரி உரஞ்சுறான் பாருங்கோ" எண்டு அம்மா சிரிச்சா, நாங்களும் சிரிச்சம். ரெண்டு மாசத்துக்குப் பிறகு அதே தூணில நான் உரஞ்சிக்கொண்டு நிண்டன், ஒருத்தரும் பாக்காத நேரமாப் பாத்து.

சொறி சிரங்கு தான். இப்ப பேரைச் சொல்லுறன், அப்ப சொல்லேல்ல. "அலர்ஜி", "வேர்க்குரு", "விடுதித் தண்ணி ஒத்துக்கொள்ளேல்ல" இப்பிடித்தான் எங்கட வீட்டில அதுக்குப் பேர். ராவில தான் கூடக் கடிக்கும், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி, அக்குள், பொடியனுக்கு சொல்லக் கூசுற இடத்திலயும். பகல்ல ஒண்டும் தெரியாது, லைட்டை நிப்பாட்டினா தொடங்கும்.

ஏன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல எண்டு கேப்பீங்கள். வெக்கம். வேற காரணம் தேடத் தேவையில்ல. திருகோணமலை ரவுன் எவ்வளவு பெருசு? மத்திய வீதியில ஒரு பாமசிக்குள்ள நிண்டு சிரங்கு மருந்து கேட்டா, உப்புவெளிக்கு நாங்க பஸ்ஸில போய்ச் சேர முதல் கதை போய்ச் சேர்ந்திடும். அக்காட மாமி வீட்டில வேற ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்திச்சு. "ஊத்தைக் குடும்பம்" எண்டு ஒரு சொல் வந்திட்டா முடிஞ்சுது. (ஊத்தைக்கும் இதுக்கும் பெருசாச் சம்பந்தமில்ல. கண்ணுக்குத் தெரியாத உண்ணி மாதிரி ஒரு பூச்சி, அரை மில்லிமீற்றர் கூட வராது, பெண் பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை போடும். கன நேரம் தோலோட தோல் பட்டாத் தொத்தும், அவ்வளவுதான். ஒரே பாயில ரெண்டு பேர் படுக்கிற வீடெல்லாம் ஊத்தை வீடா? இந்தப் பூச்சிதான் காரணம் எண்டு 1687லயே ஒரு இத்தாலிக்காரர் பூதக்கண்ணாடியில பாத்து எழுதிப்போட்டார். முன்னூறு வருசத்துக்கு மேல ஆச்சு, நாங்க இன்னும் ஒளிச்சு ஒளிச்சுச் சொறியிறம்.)

அது நெருக்கடி வருசம் எண்டதையும் சொல்லத்தான் வேணும். ரூபா விழுந்து, மருந்துக் கப்பல் வருமா வராதா எண்டு பாத்துக்கொண்டிருந்த காலம். அத்தான் ரவுனுக்குத் தூரப்போய், தெரியாத ரெண்டு பாமசியில கேட்டார் தான். ஒண்டில ஸ்டொக் இல்ல, மற்றதில இருந்த டியூப் 1800 ரூபா, அதுவும் ஒருத்தருக்கு ஒருக்காப் பூசத்தான் காணும். வீட்டில அஞ்சாறு பேர். அந்த நேரம் பாத்துத் தான் விடுதிப் பிள்ளைகளின்ட அம்மாமார் வட்சப் குரூப்பில ஒரு நம்பர் வந்திச்சு. "இந்தியாவில இருந்து ஆக்கள் கொண்டு வாறது, ஒரிஜினல், பாமசியில 1800, இவரிட்ட 850." யாரும் "சிரங்கு" எண்டு எழுதேல்ல. "ஸ்கின் கிறீம்" எண்டு தான் போட்டிருந்திச்சு. எல்லாருக்கும் விளங்கிச்சு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில ஹெல்மெட் கழட்டாத ஒரு பொடியன் குடுத்திட்டுப் போனான். பில் இல்ல. கேக்கவும் இல்ல, கேட்டிருந்தா எங்கட பேரை எழுதுவானே எண்டு அக்காவுக்குப் பயம்.

இப்ப வாறதுதான் முக்கியமான விசயம். அந்தக் கிறீம் வேலை செய்திச்சு.

சத்தியமாச் சொல்லுறன். மூண்டு நாளில கடி பாதிக்கு மேல குறைஞ்சிச்சு. சிவப்பு அடங்கிச்சு. பொடியன் நல்லா நித்திரை கொண்டான். அக்கா கோணேசருக்கு அர்ச்சனை வைக்கப் போனா, திரும்பி வரேக்க கோட்டை வாசலில நிண்ட மானுக்கு வாழைப்பழமும் குடுத்திட்டு வந்தா, அவ்வளவு சந்தோசம். பொடியன் விடுதிக்குப் போனான். குரூப்பில அக்காவே எழுதினா, "நல்ல கிறீம், நம்பி வாங்கலாம்" எண்டு. அந்த மெசேஜை நினைச்சு அவா இண்டைக்கும் அழுவா.

டிசம்பர் நடுவில திரும்பி வந்தான், இந்தமுறை கை, கால், வயிறு எல்லாம். ஆனா பாக்க சிரங்கு மாதிரி இல்ல, ஒரு மாதிரி மினுங்கின சிவப்புப் படை படையா. ரெண்டாவது டியூப். திரும்பவும் குறைஞ்சுது. திரும்பவும் வந்திச்சு. மூண்டாவது டியூப். ஜனவரி பிறக்க சின்னவளுக்கு, பிறகு அக்காவுக்கு, பொங்கலுக்குக் கிட்ட எனக்கு. முதல்முறை தொத்தினா கடி தொடங்க நாலஞ்சு கிழமை, சிலருக்கு ஆறு கிழமை எடுக்குமாம், அது எனக்கு அப்ப தெரியாது. பொடியன் சுகமாயிட்டான் எண்டு நாங்க சந்தோசப்பட்டுக்கொண்டிருந்த அதே நாள்களில எங்களுக்குள்ள அது குடிபூந்திட்டுது.

பிறகு வைத்தியம் எல்லாம் நடந்திச்சு. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு அம்மா பூசினா. ஒரு நாள் விடியப் போய்க் கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணத்திலயும் வாளி வாளியா அள்ளிக் குளிச்சம், உடம்புக்கு நல்லாத்தான் இருந்திச்சு, தோலுக்குள்ள இருக்கிறவருக்கும் நல்லா இருந்திருக்கும். தம்பலகாமத்தில எருமை வச்சிருக்கிற பெரியப்பா ஃபோனில சொன்னார், மாட்டுக்கு உண்ணிக்குப் போடுற ஊசி மருந்து இருக்கு, அதைக் கொஞ்சம் குடிக்கக் குடுங்கோ, கொரோனா நேரம் கனபேர் குடிச்சவை எண்டு. நல்ல காலம் அம்மா அந்த ஃபோனைப் பறிச்சு வச்சிட்டா. அவர் சொன்ன மருந்தின்ட பேர் ஐவர்மெக்டின், மனுசருக்கும் சிரங்குக்குக் குடுக்கிற மருந்துதான், உலக சுகாதார நிறுவனத்தின்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல 2019ல இருந்து சிரங்குக்கு எண்டே இருக்கு. ஆனா அது நிறைக்கு ஏத்த அளவு பாத்து டொக்டர் குடுக்கிற குளிசை. எருமைக்கு அளந்ததை ஒன்பதாம் ஆண்டுப் பொடியனுக்கு எப்பிடி அளக்கிறது?

மருந்து சரியில்லையோ எண்டு அந்த ரெண்டு மாசத்தில ஒருத்தர் கூடச் சந்தேகப்படேல்ல. சந்தேகப்பட்டது அக்காவைத் தான். மாமி நேராவே கேட்டா, "உடுப்பை அவிச்சுத் தோய்ச்சனியா? தலகாணி உறையை மாத்தினியா? நான் சொன்னதைக் கேட்டிருந்தா இப்பிடித் திரும்பத் திரும்ப வருமா?" அது மாரி காலம். திருகோணமலையில தையில தோய்ச்சது எங்க காயிறது? வீட்டுக்குள்ள கொடி கட்டி, ஃபானைப் போட்டு, மூண்டு நாளாகியும் ஈரம் மணக்கும். அக்கா ராவு ரெண்டு மணிக்கு அடுப்பு மூட்டி பெட்சீட் அவிச்சா, காஸ் விலை தெரியும்தானே அப்ப, விறகு அடுப்பில தான், கை எல்லாம் வெடிச்சு, அந்த வெடிப்புக்குள்ளயும் கடி. அத்தான் ஒண்டும் பேசேல்ல, அது இன்னும் மோசம். பொடியனுக்கு விடுதி வோடன் ஏச்சு, "நீ ஒழுங்காப் பூசேல்ல" எண்டு. அந்த 850 ரூபா டியூப் மட்டும் அலுமாரித் தட்டில நல்ல பிள்ளையா இருந்திச்சு.

பெப்ரவரியில நான் தான் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன், தோல் டொக்டரிட்ட. சிங்கள டொக்டர், தமிழ் நல்லாக் கதைப்பா. பொடியன்ட விரலிடுக்கில லைட் உள்ள ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை வச்சுப் பாத்திட்டு, தன்ட ஃபோனை அதோட பொருத்திப் படம் எடுத்து எங்களுக்குக் காட்டினா. வெள்ளையா ஒரு மெல்லிய கோடு வளைஞ்சு போகுது, அதின்ட நுனியில மண்ணிறத்தில சின்ன முக்கோணம். "ஜெட் பிளேன் போனா பின்னால வெள்ளைப் புகை வருமே, அது மாதிரி. முக்கோணம் தான் பூச்சி, கோடு அது தோண்டின வளை." பொடியன் முதல் முறையாச் சிரிச்சான், "சைனா பே எயார்போட்" எண்டான். ஒரு ஆளின்ட உடம்பில வழமையா 10, 15 பூச்சி தான் இருக்குமாம். இந்தப் பத்துப் பதினைஞ்சுக்கா இந்த ஆட்டம்!

பிறகு என்ன பூசினீங்கள் எண்டு கேட்டா. நான் கொண்டு போன டியூபை எடுத்துக் குடுத்தன், பெட்டியும் கிடந்திச்சு. அவா ஒண்டும் சொல்லாமல் மேசை லாச்சியில இருந்து அதே பேர் உள்ள இன்னொரு டியூபை எடுத்துப் பக்கத்தில வச்சா. "பாருங்கோ தங்கச்சி" எண்டு மட்டும் சொன்னா.

பாத்தன். பத்து நிமிசம் பாத்திருப்பன். பெட்டியில அடிச்சிருந்த பாட்ச் நம்பர் ஒண்டு, டியூபின்ட மடிச்ச வாலில இருந்தது வேற ஒண்டு. பெட்டியில காலாவதி 2024, டியூபில 2023. பெர்மெத்ரின் எண்ட சிரங்கு மருந்தின்ட இங்கிலீஸ் பேரில ரெண்டாவது ‘ஈ’ வாற இடத்தில ‘ஐ’ எழுதியிருக்கு. நிஜ டியூபில வால் மடிப்பு நேரா, பல்லுப் பல்லா அழுத்தி இருக்கு, எங்கடதில ஒரு பக்கம் சரிஞ்சு, லேசாப் பசை கசிஞ்சு காஞ்சிருக்கு. மூடிக்குள்ள டியூப் வாயை அடைச்சிருக்கிற ஈயத்தாள் எங்கடதில இருக்கவே இல்ல எண்டு பொடியன் சொன்னான், அவன் அதைக் கவனிச்சிருக்கிறான், சொல்லேல்ல, ஏனெண்டா ஒருத்தரும் கேக்கேல்ல. எங்கட நாட்டு இறக்குமதியாளர் பேர் போட்ட ஒரு துண்டு கூட அந்தப் பெட்டியில இல்ல. மூண்டு டியூப் வாங்கி முடிச்சிருக்கிறம், மூண்டையும் கையில வச்சுப் பூசியிருக்கிறம், பெட்டியை ஒருக்காலும் வாசிக்கேல்ல. பிஸ்கட் பக்கெற்றில தேதி பாக்கிற ஆக்கள் நாங்க.

"அப்ப ஏன் கடி குறைஞ்சிச்சு?" எண்டு அக்கா கேட்டா. அதுக்கு டொக்டர் சொன்ன பதிலைத் தான் நான் இவ்வளவு காலம் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். உள்ளுக்க என்ன இருக்கெண்டு லாபில பாக்காமல் அடிச்சுச் சொல்ல ஏலாது, ஆனா தோலைப் பாத்தா ஸ்டீரொயிட் கலந்த மாதிரித் தான் கிடக்குது எண்டா. சிரங்கில கடிக்கிறது பூச்சி கடிச்சு இல்லையாம், பூச்சிக்கும் அதின்ட முட்டைக்கும் எச்சத்துக்கும் எங்கட உடம்பு காட்டுற கோவம் தான் கடி. ஸ்டீரொயிட் அந்தக் கோவத்தை அடக்கும், பூச்சியை ஒண்டும் செய்யாது. வீட்டுக்குள்ள கள்ளன் நிக்கேக்க குலைக்கிற நாய்க்கு வாயைக் கட்டின மாதிரி. நாய் பேசாமல் கிடக்க, கள்ளன் ஆறுதலாப் பெருகுவான், தோலின்ட பார்வையும் மாறிப்போகும், பிறகு டொக்டரே பாத்தாலும் சிலவேளை சிரங்கெண்டு கண்டுபிடிக்கிறது கஸ்டம்.

இதுக்கு மறுபக்கமும் ஒண்டு இருக்கு, அது இதைவிடக் கொடுமை. நல்ல மருந்து பூசி, பூச்சி எல்லாம் செத்த பிறகும் ரெண்டு கிழமை, சிலருக்கு நாலு கிழமை கடிக்கும். செத்த பூச்சியும் முட்டையும் தோலுக்குள்ள தானே கிடக்கு, தோல் மேல்பக்கமா உரிஞ்சு போகும் வரைக்கும் உடம்பு கோவிச்சுக்கொண்டே இருக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்கோ. உண்மையான மருந்தைப் பூசினா அடுத்த நாளும் கடிக்குது, சனம் "இது சரியில்ல" எண்டு தூக்கிப் போடும். கள்ள மருந்தைப் பூசினா மூண்டு நாளில சுகம், சனம் "நல்ல கிறீம், நம்பி வாங்கலாம்" எண்டு குரூப்பில போடும். தலையிடிக்குக் கள்ளப் பனடோல் தந்தா ஒரு மணித்தியாலத்தில பிடிபட்டிடுவான். சிரங்குக்குத் தாறவன் பிடிபடுறதுக்கு வழியே இல்ல, எங்கட தோலே அவனுக்குச் சாட்சி சொல்லுது. இந்த நோயைத் தெரிவு செய்தவன் மூளைக்காரன் எண்டு தான் நான் நினைக்கிறன்.

அந்தக் கள்ள டியூபில மருந்து அறவே இல்லாட்டிக்கூடப் பரவாயில்ல, பாதி அளவு இருந்தா அது வேற வில்லங்கம். சாகாமல் தப்பின பூச்சி தான் அடுத்த தலைமுறை. "பெர்மெத்ரின் இப்ப முந்தி மாதிரிக் கேக்குதில்ல" எண்டு டொக்டர்மார் பல நாட்டிலயும் கதைக்கிறாங்கள். அதில எவ்வளவு பூச்சியின்ட பலம், எவ்வளவு பூசாமல் விட்ட இடம், எவ்வளவு எங்கட டியூப் மாதிரி டியூப் எண்டு ஆர் பிரிச்சுப் பாக்கிறது?

வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினன், எனக்கு ஒரு விசயம் பிடிச்சா விடமாட்டன். வசதி குறைஞ்ச நாடுகளில பத்து மருந்தில ஒண்டு தரங்குறைஞ்சது அல்லது போலி எண்டு உலக சுகாதார நிறுவனம் 2017ல கணக்குச் சொல்லியிருக்கு. அதே 2017ல தான் சிரங்கைக் கவனிக்காமல் விட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியல்ல சேர்த்தவை. பங்களாதேஷில காலா அசார் எண்ட ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்கு மில்டெஃபோசின் எண்ட குளிசை குடுத்து, நோயாளிகளுக்குச் சுகம் வராமல், கடைசியா அந்தக் குளிசையை லாபில பாத்தா உள்ளுக்க மில்டெஃபோசினே இல்லையாம், 2012ல கட்டுரையா வந்திருக்கு. அந்தக் காலா அசார் ஒட்டுண்ணியின்ட வேறொரு வகை எங்கட நாட்டிலயும் இருக்கு, இங்க பெரும்பாலும் காய்ச்சல் வராது, மணல் ஈ கடிச்ச இடத்தில ஆறாத புண் வரும், அநுராதபுரம் பொலன்னறுவைப் பக்கம் கனக்க. அந்தப் புண்ணுக்குள்ள கிழமைக் கணக்கா ஊசி போடுவினம், இல்லாட்டி நைதரசனால உறைய வைப்பினம். அதையும் சிலபேர் "எக்சிமா" எண்டு நினைச்சு ஏதோ ஒரு கிறீமைப் பூசிக்கொண்டு மாசக்கணக்கா இருக்கிறதாம். நோவில்லாத புண், கடியில்லாத சிரங்கு, ரெண்டும் ஆளை ஏமாத்தும்.

மேலிடத்துக் கதை சொல்லத் தேவையில்ல. ஆஸ்பத்திரிக்கே இம்யூனோகுளோபுலின் எண்ட ஊசி மருந்து போலியா வந்த விவகாரம் 2023ல வெடிச்சு, சுகாதார அமைச்சரா இருந்தவரே 2024 பெப்ரவரியில கைதானார். 2015ம் ஆண்டு 5ம் இலக்கச் சட்டம் இருக்கு, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கு, பதியாத மருந்து விக்க ஏலாது. ஹெல்மெட் கழட்டாத பொடியனுக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாது.

மருந்து பூசின ராவைப் பற்றிச் சொல்லோணும். டொக்டர் கறாராச் சொன்னா, கடிக்கிறவை மட்டுமில்ல, வீட்டில உள்ள எல்லாரும் ஒரே ராவில பூசோணும், கழுத்தில இருந்து உள்ளங்கால் வரைக்கும், நகத்துக்கடியிலயும், ராவு முழுக்க விட்டு விடியக் குளிக்கோணும், ஏழாம் நாள் திரும்பவும். மாமியும் அதில சேத்தி. மாமி முதல்ல முடியாதெண்டா, "எனக்கென்ன சிரங்கா" எண்டு. பிறகு பாத்தா அவா முழங்கைக்குக் கீழ சீலைத் தலைப்பால மறைச்சு வச்சிருக்கிறா, அவாவுக்கும் தான், அஞ்சாறு கிழமையா. அக்கா ஒரு சொல்லும் சொல்லேல்ல. முதுகைத் திருப்பச் சொல்லி, பிளவுசைத் தளர்த்தி, தோள்பட்டையில இருந்து கீழ ஆறுதலாப் பூசி விட்டா, கால் விரலிடுக்கு வரைக்கும் ஒண்டொண்டா. மாமி சுவரைப் பாத்துக்கொண்டிருந்தா. பெட்சீட்டை அவிக்கத் தேவையில்ல, பையில போட்டுக் கட்டி ஒரு கிழமை வைச்சாலே காணும், உடம்பில்லாமல் அந்தப் பூச்சி ரெண்டு மூண்டு நாளுக்கு மேல தாங்காது எண்டு டொக்டர் சொன்னதையும் அக்கா மாமிக்குச் சொல்லேல்ல. நான் சொல்லிப்போட்டன். என்னால ஏலாது.

அதுக்குப் பிறகு பதினாறு நாள் கடிச்சிச்சு. ஒன்பதாம் நாள் அத்தான் மெல்லக் கேட்டார், "அந்தப் பழைய கிறீம் கொஞ்சம் மிச்சம் இருக்கோ?"

முறைப்பாடு குடுக்கப் போனன். உணவு மருந்துப் பரிசோதகர் எண்டு ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார் எண்டது பாதிச் சனத்துக்குத் தெரியாது, எனக்கும் அண்டைக்குத் தான் தெரியும். ஆள் நல்ல மாதிரித் தான் கதைச்சார். பில் இருக்கோ? இல்ல. உடைக்காத டியூப் இருக்கோ? இல்ல, மூண்டும் பிதுக்கி முடிஞ்சுது. நம்பர்? அது அப்பவே வேலை செய்யேல்ல. எழுதி எடுத்தார். அவரைப் பிழை சொல்ல மனம் வரேல்ல, அவர் கேட்ட மூண்டும் எங்களிட்ட இல்லாமல் போனதுக்குக் காரணம் எங்கட வெக்கம் தான், அந்த வெக்கத்தைக் கணக்குப் பண்ணித் தான் அவன் பஸ் ஸ்டாண்டில நிண்டவன்.

கடைசியா, அம்மாமார் குரூப்பில அக்காட ஃபோனில இருந்து நான் எழுதினன். ரெண்டு டியூபையும் பக்கத்தில பக்கத்தில வச்ச படம், பாட்ச் நம்பர் ரெண்டுக்கும் சிவப்பு வட்டம். சிரங்கு எண்டு நேராவே எழுதினன், பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில மருந்து பூசினாத் தான் விடுதியில சிரங்கு ஓயும் எண்டும் எழுதினன். அக்கா பக்கத்தில இருந்து நகத்தைக் கடிச்சா. நாப்பத்தி மூண்டு பேர் பாத்தினம் எண்டு காட்டிச்சு. ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்ல. ராவு ஒன்பது மணிக்குப் பிறகு தான் தொடங்கிச்சு, குரூப்பில இல்ல, அக்காட தனி இன்பொக்ஸில. "அக்கா, எங்கடயும் அதே டியூப் தான், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." விடியிறதுக்குள்ள பதினொரு பேர், பதினொரு பேரும் அதே கடைசி வரி. குரூப்பில அந்தப் படத்துக்குக் கீழ இப்பவும் ஒரேயொரு கட்டைவிரல் தான் இருக்கு. அது என்ட.